ஈறில் மிச்சமிருக்கும் பிளவு: அறுவை சிகிச்சைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

பிளவு உதடு, அண்ணப் பிளவு அறுவை சிகிச்சை செய்யும் குழுவினருக்கும், அதற்குப் பணம் கொடுத்து ஏற்பாடு செய்யும் அமைப்புகளுக்கும்,

வணக்கம்.

நான் பல்சீரமைப்பு மருத்துவர். பேச்சுவழக்கில் சொன்னால் கிளிப் போடுகிற டாக்டர். நீங்கள் உதட்டையும் அண்ணத்தையும் தைத்து அனுப்பிய குழந்தைகள் பல வருடம் கழித்து என்னைப் போன்றவர்களிடம் வந்து சேருகிறார்கள். அப்படி வருகிறவர்களில் பலருக்கு ஈறில் ஒரு பிளவு இன்னும் திறந்தே இருக்கிறது. அதை எலும்பு வைத்து மூட ஓர் அறுவை சிகிச்சை உண்டு, அதற்கென்று ஒரு வயதும் உண்டு என்பதை அவர்களிடம் யாருமே சொல்லியிருக்கவில்லை. அந்த வயது தாண்டிய பிறகு வந்து உட்காருகிறார்கள். அதைப் பற்றித்தான் உங்களோடு பேச வேண்டும்.

உங்கள் சுவரொட்டிகளில் இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்றில் பிளந்த உதட்டோடு கைக்குழந்தை. மற்றதில் அதே குழந்தை மெல்லிய தழும்போடு சிரிக்கும். அந்தப் படத்தில் பொய் எதுவும் இல்லை. உதட்டைச் சேர்க்கிற அந்த வேலை ஒரு குடும்பத்துக்கு என்ன தருகிறது என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன், குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்தச் சிரிப்பில் இன்னும் பல் முளைத்திருக்காது. நிலைப்பல் முளைக்கும் காலம் வரும்போது கேமரா கிளம்பிப் போய் வருடங்கள் ஆகியிருக்கும்.

உலகம் முழுக்கப் பார்த்தால் பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய 700 பேரில் ஒருவருக்கு உதட்டிலோ அண்ணத்திலோ பிளவு இருக்கிறது. எல்லோருக்கும் எலும்பு ஒட்டு தேவைப்படாது. அண்ணம் மட்டும் பிளந்து பிறப்பவர்களுக்கு ஈறு முழுசாக இருக்கும். உதட்டில் மட்டும் பிளவு உள்ள பலருக்கும் அப்படித்தான். உதட்டில் தொடங்கி, ஈறு எலும்பை இரண்டாக்கி, அண்ணம்வரை ஓடுகிற பிளவு இருக்கிறதே, அதுதான் நான் சொல்ல வந்த விஷயம். உதட்டை 3 முதல் 6 மாதத்தில் தைக்கிறீர்கள். அண்ணத்தை 9 முதல் 18 மாதத்துக்குள் மூடுகிறீர்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஈறு எலும்பின் பிளவு பெரும்பாலான மையங்களில் அப்படியே விடப்படுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, உதடு அதை மறைத்துவிடும். உதட்டைத் தூக்கிப் பார்த்தால், பக்கவாட்டு வெட்டுப்பல்லும் கோரைப்பல்லும் வரவேண்டிய இடத்தில் ஒரு வெட்டு உள்ளே மூக்குவரை போவது தெரியும்.

அந்த வெட்டு சும்மா இருப்பதில்லை. குடிக்கும் பால் மூக்கு வழியாக வரும். மூக்குச் சளி வாய்க்குள் இறங்கும். சிலருக்கு அந்தத் துளை வழியாகக் காற்று கசிந்து பேச்சு மூக்கோசையாகும். பல் துலக்கும்போது அந்த இடத்தை எட்டுவது கஷ்டம் என்பதால் பக்கத்துப் பற்கள் சொத்தையாகும். மூக்கின் அடிப்பகுதிக்குக் கீழே எலும்பு இல்லாததால் அந்தப் பக்கத்து மூக்குச் சிறகு அமுங்கி, மூக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருக்கும். மேல்தாடை ஒரே வில்லாக இல்லாமல் தனித்தனித் துண்டுகளாக இருப்பதால், அண்ணத் தழும்பு சுருங்கச் சுருங்கத் துண்டுகள் உள்ளே சரிந்து மேல்வரிசை குறுகிவிடும். இரண்டு பக்கமும் பிளந்தவர்களுக்கு நிலைமை இன்னும் மோசம். முன்பற்களைத் தாங்குகிற நடுத்துண்டு இரண்டு பக்கமும் பிடிப்பில்லாமல் விரலால் தொட்டாலே ஆடும். அந்தக் குழந்தை ஒரு பழத்தை முன்பல்லால் கடித்துத் தின்ன முடியாது. தோலும் சதையும் மட்டும் சேர்ந்த தாடை, உள்ளே செங்கல் இல்லாமல் மேலே பூச்சு மட்டும் பூசிய சுவர்தான்.

இதை வேண்டுமென்றே விட்டு வைக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். பெற்றோருக்குத் தெரியாது. சிக்கலே அங்குதான் தொடங்குகிறது.

ஏன் விட்டு வைக்கிறோம் என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1950-களிலும் 60-களிலும் ஐரோப்பாவில் பல அறுவை சிகிச்சை நிபுணர்கள் கைக்குழந்தையிலேயே ஈறுப் பிளவுக்குள் எலும்பு வைத்துப் பார்த்தார்கள். விலா எலும்புத் துண்டுதான் பெரும்பாலும். நோக்கம் நல்லது: தாடைத் துண்டுகள் சரியாமல் ஆரம்பத்திலேயே பிடித்து நிறுத்திவிடலாம் என்று நினைத்தார்கள். அந்தக் குழந்தைகள் வளர்ந்த பிறகுதான் விலை தெரிந்தது. அந்த அறுவையின் தழும்பு மேல்தாடையின் வளர்ச்சியைக் கட்டிப்போட்டது. முகத்தின் நடுப்பகுதி உள்வாங்கி, கீழ்வரிசைப் பற்கள் மேல்வரிசைக்கு முன்னால் வந்து நின்றன. அதற்கென்று தனி முறை வகுத்துக்கொண்ட ஒருசில மையங்களைத் தவிர மற்ற எல்லோரும் அதைக் கைவிட்டார்கள்.

அப்புறம் 1972-ல் அமெரிக்காவில் பாய்ன், சாண்ட்ஸ் என்ற இருவர் வேறு வழி காட்டினார்கள். அவசரப்படாதே, பால் பல்லும் நிலைப்பல்லும் கலந்திருக்கும் வயதுவரை காத்திரு. அந்த வயதில் இடுப்பு எலும்பின் உள்ளேயிருந்து பஞ்சு போன்ற எலும்பை எடுத்துப் பிளவுக்குள் நிரப்பு. கோரைப்பல் முளைப்பதற்கு முன்னால் செய்து முடி. மேல்தாடையின் முன்பகுதி 8 வயதுக்குள் அகலத்திலும் முன்னோக்கியும் பெருமளவு வளர்ந்து முடித்துவிடுகிறது, ஆகவே அதற்குப் பிறகு அங்கே கத்தி பட்டாலும் வளர்ச்சிக்குப் பெரிய சேதம் இல்லை. இதுதான் அவர்களின் தர்க்கம். 1980-களில் நார்வேயின் ஆஸ்லோவில் ஓபிஹோல்ம், பெர்க்லாண்ட், செம்ப் ஆகியோர் நிறையக் குழந்தைகளுக்கு இதைச் செய்து, வருடக்கணக்கில் பின்தொடர்ந்து, எக்ஸ்ரேயோடு முடிவுகளை வெளியிட்டார்கள். இன்று உலகம் முழுக்க நடப்பது பெரும்பாலும் இந்த முறைதான். ஆக, ஈறைத் திறந்தே விடுவது அலட்சியம் கிடையாது, கைக்குழந்தைகள் கொடுத்த விலையில் கற்ற பாடம். ஆனால் காத்திருப்பது என்று முடிவெடுத்தால், காத்திருப்பு எப்போது முடியும் என்றும் சொல்ல வேண்டும் அல்லவா?

அது எப்போது முடியும் என்பதை நாள்காட்டி சொல்லாது, கோரைப்பல் சொல்லும். பிளவின் ஓரத்தில், எலும்புக்குள் இன்னும் மேலே இருக்கிற கோரைப்பல்லின் வேர் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்குவரை வளர்ந்திருக்கும் காலம்தான் சரியான காலம். பெரும்பாலான குழந்தைகளுக்கு அது 8 முதல் 11 வயதுக்குள் வரும். ஆனால் பிளவு இருக்கும் பக்கத்தில் பற்கள் பிந்தி வளர்வது சகஜம். ஒரே வயதுள்ள இரண்டு குழந்தைகளில் ஒருவர் தயாராக இருப்பார், மற்றவர் இன்னும் ஒன்றரை வருடம் காத்திருக்க வேண்டியிருக்கலாம். பிளவின் ஓரத்தில் நல்ல பக்கவாட்டு வெட்டுப்பல் ஒன்று இருந்தால் கதை மாறும். அதைக் காப்பாற்ற 5 முதல் 7 வயதிலேயே எலும்பு வைக்கிற மையங்களும் உண்டு. அந்தப் பல் பல குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இருக்காது, இருந்தாலும் சிறுத்துக் குச்சிபோல் இருக்கும். ஆக ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு எக்ஸ்ரே எடுத்து, ஒவ்வொரு பல்லாகப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். 7 வயதில் ஒரு முறை, தேவைப்பட்டால் அதன்பின் வருடா வருடம். அவ்வளவுதான் வேலை. ஆனால் குழந்தை எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தானே எக்ஸ்ரே எடுக்க முடியும்?

கோரைப்பல்லுக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்று குழுவில் புதிதாகச் சேர்ந்த இளம் மருத்துவர்கள் கேட்பதுண்டு. பல் முளைக்கும்போது அது வெறுமனே வெளியே வருவதில்லை. தன்னைச் சுற்றி எலும்பையும் உருவாக்கிக்கொண்டே வருகிறது. நீங்கள் நிரப்பிய பஞ்செலும்புக்குள் சில வாரத்திலேயே ரத்தக்குழாய்கள் நுழைந்துவிடும். சில மாதத்தில் எக்ஸ்ரேயில் எது பழைய எலும்பு, எது வைத்த எலும்பு என்று பிரித்துச் சொல்ல முடியாது. அந்த உயிருள்ள எலும்பு வழியாகக் கோரைப்பல் இறங்கி வரும்போது அந்த இடத்துக்கு ஒரு வேலை வருகிறது, வேலை இருக்கிற எலும்பு தங்குகிறது. வேலையில்லாத எலும்பைக் கொஞ்சம் கொஞ்சமாக உடம்பே கரைத்துவிடும். பல குழந்தைகளுக்குக் கோரைப்பல் தானாகவே ஒட்டு எலும்பு வழியாக இறங்கிவிடுகிறது. சிலருக்கு அது பாதி வழியில் மாட்டிக்கொள்ளும், ஈறைத் திறந்து கொக்கி ஒட்டி நாங்கள் மெதுவாக இழுத்துக் கொண்டுவருவோம். அதன்பிறகு பக்கவாட்டு வெட்டுப்பல் இல்லாத இடத்துக்குக் கோரைப்பல்லையே நகர்த்தி, உருவத்தைக் கொஞ்சம் மாற்றி, பொய்ப்பல்லே இல்லாமல் முழு வரிசையை உருவாக்க முடியும். சொந்தப் பற்களால் ஆன முழு வரிசை! என் தொழிலில் இதைவிடத் திருப்தியான வேலை வேறொன்று இல்லை.

இனி, அந்த வயதைத் தாண்டியவர்கள். 15, 16 வயதில் வருகிறார்கள். கோரைப்பல் எலும்பில்லாத பிளவின் ஓரமாக வந்து நிற்கும். வேரின் ஒரு பக்கம் எலும்பே இருக்காது, ஈறு இறங்கி வேர் தெரியும். இப்போது எலும்பு வைத்தாலும் வாய்ப்பக்கம் திறந்துபோன வேர்மீது எலும்பு ஏறி ஒட்டாது. பல் இருக்கும் உயரத்துக்கு எலும்பு வராது. சிலருக்கு அந்தப் பல்லைப் பிடுங்குவதுதான் ஒரே வழி. பிறகு பொய்ப்பல். இம்பிளான்ட், அதாவது எலும்புக்குள் பதிக்கும் செயற்கைப் பல்வேர், வைக்க வேண்டுமென்றால் வளர்ச்சி முடியும்வரை காத்திருந்து, அந்த நேரத்தில் எலும்பு ஒட்டு செய்து, அது கரையும் முன்னால் சில மாதத்துக்குள் இம்பிளான்டை வைத்தாக வேண்டும். பெரியவர்களுக்கு எலும்பு ஒட்டு பிடிக்கும் வாய்ப்பு குறைவு, புகைபிடிப்பவர் என்றால் இன்னும் குறைவு. நான் பயமுறுத்தவில்லை. தாமதமாக வந்தவர்களுக்கும் செய்யலாம், செய்ய வேண்டும்: துளை மூடும், மூக்குக்குக் கீழே தாங்கல் கிடைக்கும், பின்னால் மேல்தாடையை முன்னே நகர்த்தும் பெரிய அறுவை தேவைப்பட்டால் தாடை ஒரே துண்டாக இருக்கும். ஆனால் 9 வயதில் கிடைத்திருக்க வேண்டிய பலன் முழுசாகக் கிடைக்காது. அந்த இளைஞரின் அம்மா கேட்கிற கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "எல்லாம் முடிஞ்சிடுச்சுன்னு தானே டாக்டர் சொன்னாங்க?"

அவருக்கு நான் என்ன பதில் சொல்வது? "முடிந்துவிட்டது" என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை, தன் பங்கு முடிந்ததைச் சொன்னார். உதடு தைத்தவருக்கு உதடு முடிந்தது. அண்ணம் மூடியவருக்கு அண்ணம் முடிந்தது. குழந்தைக்கு எது பாக்கி என்று சொல்லும் பொறுப்பு யாருடைய மேசையிலும் இல்லை.

எங்கள் ஆட்கள்மீதும் குறை உண்டு. பல் இன்னும் கலந்திருக்கும் வயதில் வந்த குழந்தையை "நிலைப்பல் எல்லாம் வரட்டும், அப்புறம் கிளிப் போடலாம்" என்று திருப்பி அனுப்பும் பல்சீரமைப்பு மருத்துவர்கள் இருக்கிறார்கள். சாதாரணக் குழந்தைக்கு அது சரியான அறிவுரைதான். பிளவு உள்ள குழந்தைக்கு அது மிகப் பெரிய தவறு. அதைப் பற்றி எங்களுக்குள்ளே தனியாகச் சண்டை போட்டுக்கொள்கிறோம், இந்த மடலில் அதை நீட்டவில்லை.

ஒன்று மட்டும் உங்களிடம் கேட்கிறேன்: எலும்பு வைக்கத் தேதி குறித்த பிறகு எங்களைக் கூப்பிடாதீர்கள், அதற்கு ஒரு வருடம் முன்னாலேயே கூப்பிடுங்கள். உள்ளே சரிந்த துண்டுகளை விரிப்புக் கம்பி போட்டு வெளியே தள்ளிச் சரியான வில்லாக்கிய பிறகு எலும்பு வைத்தால், நீங்கள் வேலை செய்யவும் இடம் தாராளமாக இருக்கும், எலும்பும் சரியான வடிவத்தில் நிற்கும். பிளவுக்குள் கூடுதலாக முளைத்துக் கிடக்கும் குட்டிப் பற்களையும் வழியில் நிற்கும் பால் பற்களையும் அறுவைக்குச் சில வாரம் முன்பே எடுத்துவிட்டால், ஈறு ஆறி, எலும்பின்மேல் இழுத்து மூட நல்ல சதை கிடைக்கும். ஆனால் பிளவின் ஓரத்தில் உள்ள வெட்டுப்பல் கோணலாக நிற்கிறது என்பதற்காக அதை முன்கூட்டியே நேராக்கக் கூடாது. அந்த வேருக்கும் பிளவுக்கும் நடுவில் இருப்பது மெல்லிய எலும்புத் தகடு, பல்லைத் திருப்பினால் வேர் வெளியே வந்துவிடும். கோணல் பல்லைப் பார்த்து அவசரப்படும் பெற்றோருக்கும், சில சமயம் அவசரப்படும் மருத்துவருக்கும், இதைச் சொல்லித் தடுக்க ஒருவர் வேண்டும். சொத்தைப் பற்களை அடைத்துவிட்டுத்தான் அறுவை. அழுக்கு வாயில் வைத்த எலும்பு சீழ் பிடித்து வெளியே வந்துவிடும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அறுவையைப் பற்றிப் பெற்றோரிடம் எப்படிப் பேசுகிறீர்கள் என்பதும் முக்கியம். "இடுப்பிலிருந்து எலும்பு எடுப்போம்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனால், பாதிப் பேர் திரும்பி வர மாட்டார்கள். வாய்க்குச் சிகிச்சை என்று வந்தவர்களிடம் நடக்கிற எலும்பைக் கேட்கிறோம். நின்று பொறுமையாகச் சொல்லுங்கள். எடுப்பது இடுப்பின் முன்பக்க மேட்டுக்குள் இருக்கும் மென்மையான உள் எலும்பு. மேலே சின்னதாக ஒரு வெட்டு. குழந்தைகளுக்கு அந்த மேட்டின் உச்சியில் இன்னும் குருத்தெலும்பு மூடி இருக்கும். அதை மூடி போலத் திறந்து, உள்ளிருப்பதை வழித்தெடுத்து, திரும்ப மூடிவிடுகிறோம். இடுப்பு வளர்ச்சி கெடாது. சில நாள் நொண்டி நடப்பார்கள், வலிக்கும். சிலருக்குத் தொடையின் வெளிப்பக்கம் கொஞ்சகாலம் மரத்திருக்கும். விளையாட்டுக்குச் சில வாரம் விடுமுறை. வாயைவிட இடுப்புதான் வலிக்கிறது என்று குழந்தைகள் சொல்வார்கள், அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஏன் இடுப்பு, வேறு இடம் இல்லையா என்று கேட்டால், உண்டு. தாடையின் மோவாய்ப் பகுதி, முழங்காலுக்குக் கீழே, மண்டையோடு என்று பல இடங்களிலிருந்து எடுக்கிறார்கள். ஆனால் தேவையான அளவுக்கு நல்ல பஞ்செலும்பு ஒரே இடத்தில் கிடைப்பது இடுப்பில்தான். இரண்டு பக்கப் பிளவு என்றால் அளவு இன்னும் அதிகமாகத் தேவைப்படும்.

"செயற்கையாக ஏதாவது வைக்கக் கூடாதா?" என்று கேட்பவர்களுக்கும் நேர்மையாகப் பதில் சொல்லுங்கள். எலும்பை வளரத் தூண்டுகிற ஒரு புரதம் இருக்கிறது. 2002-ல் அமெரிக்காவில் பெரியவர்களின் முதுகெலும்பு இணைப்புக்காக அனுமதி பெற்றது. சில மையங்கள் அதை ஈறுப் பிளவுக்கும் பயன்படுத்திப் பார்த்திருக்கின்றன. ஆனால் எலும்பு வளர்ச்சி முடியாதவர்களுக்குப் போடக் கூடாது என்று அதன் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. நம் நோயாளிகளுக்கோ 9 வயது. ஆய்வு ஒரு பக்கம் நடக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. இடுப்பை வெட்டாமல் முடிந்தால் யாருக்குத்தான் கசக்கும்? அதுவரை குழந்தையின் சொந்த எலும்பே போதும் என்பது என் கட்சி.

இன்னொன்று, குழந்தையிடமும் பேசுங்கள். உதடும் அண்ணமும் தைத்தபோது அது கைக்குழந்தை, அதற்கு எதுவும் தெரியாது. 9 வயதுப் பிள்ளைக்கு எல்லாம் தெரியும். தன் உடம்பில் ஏன் கத்தி வைக்கிறார்கள், எங்கே வலிக்கும், எத்தனை நாள் கஞ்சி மாதிரி குடிக்க வேண்டும், ஏன் மூக்கைச் சிந்தக் கூடாது என்று அதற்குப் புரிகிற மாதிரி சொன்னால், அறுவைக்குப் பிறகு வாயை அதுவே சுத்தமாக வைத்துக்கொள்ளும். வைத்த எலும்பு தங்குவதில் பாதி வேலை அந்தப் பிள்ளையின் பல்துலக்கும் தூரிகையில் இருக்கிறது.

இப்போது கணக்குக்கு வருகிறேன். நீங்கள் ஆண்டறிக்கையில் எத்தனை உதடு, எத்தனை அண்ணம் என்று எண்ணுகிறீர்கள். எத்தனை ஈறு என்று எண்ணுகிறவர்கள் குறைவு. எண்ணுகிறவர்களும் எத்தனை அறுவை செய்தோம் என்றுதான் எண்ணுகிறார்கள். எத்தனை பேருக்கு எலும்பு நின்றது என்பது வேறு கணக்கு. அதை அளக்க வழி இல்லாமல் இல்லை. ஆஸ்லோ குழு 1986-லேயே எளிமையான அளவுகோல் ஒன்றைக் கொடுத்துவிட்டது. கோரைப்பல் இறங்கிய பிறகு எக்ஸ்ரேயில் பற்களுக்கு இடையே எலும்பு எவ்வளவு உயரத்துக்கு நிற்கிறது என்று பார்க்க வேண்டும். ஏறக்குறைய இயல்பான உயரம் என்றால் முதல் வகை. முக்கால் பங்காவது இருந்தால் இரண்டாம் வகை. அதற்கும் குறைவு மூன்றாம் வகை. பிளவின் குறுக்கே எலும்புப் பாலமே இல்லையென்றால் நான்காம் வகை, தோல்வி. முதல் இரண்டும் வெற்றிக் கணக்கில் சேரும். தட்டையான படத்தில் ஆழம் தெரியாது, பல்லுக்குப் பின்னால் எலும்பு மெலிந்திருந்தாலும் முன்னாலிருந்து பார்த்தால் நன்றாகவே தெரியும் என்ற குறை இதற்கு உண்டு. கோன் பீம் சிடி என்ற முப்பரிமாண எக்ஸ்ரே எடுத்தால் கன அளவே தெரிந்துவிடும், ஆனால் குழந்தைக்குக் கதிர்வீச்சு கூடும். சந்தேகம் உள்ள இடத்தில் மட்டும் அது போதும். பெரிய கருவி எதுவும் இல்லாத மையம்கூட ஒரு சின்னப் பல் எக்ஸ்ரேயை வைத்துத் தன் வேலையைத் தானே மதிப்பிட முடியும்.

அளந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பிரிட்டன் உதாரணம் இருக்கிறது. அங்கே அரசு நியமித்த குழு ஒன்று பிளவோடு பிறந்த 5 வயது, 12 வயதுப் பிள்ளைகளை நாடு முழுக்கப் பார்த்து 1998-ல் அறிக்கை கொடுத்தது. 57 மையங்கள் சிதறிக் கிடந்தன. பல அறுவை சிகிச்சை நிபுணர்கள் ஆண்டுக்கு ஒருசில குழந்தைகளுக்கே சிகிச்சை செய்துகொண்டிருந்தார்கள். எலும்பு ஒட்டு செய்த 12 வயதுப் பிள்ளைகளில் 58 சதவீதம் பேருக்குத்தான் அது வெற்றி. வளமான நாடு, இலவச மருத்துவம், நல்ல பெயர் வாங்கிய மருத்துவர்கள். அப்படியிருந்தும் இதுதான் நிலை என்று அவர்களுக்கே அதுவரை தெரியாது, ஏனென்றால் யாரும் சேர்த்து எண்ணிப் பார்த்ததில்லை. அறிக்கை 8 முதல் 15 மையங்கள் போதும் என்றது. வேலையை ஒன்றுசேர்த்தார்கள், அறுவை சிகிச்சை நிபுணரும் பல்சீரமைப்பு மருத்துவரும் ஒரே குழுவில் உட்கார்ந்தார்கள். 2010-ல் வெளியான அடுத்த கணக்கெடுப்பில் வெற்றி 85 சதவீதம். புதிய மருந்து எதுவும் வந்துவிடவில்லை. எலும்பு அதே இடுப்பிலிருந்துதான் வந்தது. அந்த 58-ஐ வெளியே சொல்லும் தைரியம் அவர்களுக்கு இருந்தது என்பதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

பணம் தரும் அமைப்புகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஓர் அறுவைக்கு இவ்வளவு என்று எண்ணிப் பணம் கொடுப்பது உங்களுக்கு எளிது, நன்கொடையாளருக்கும் புரியும். ஆனால் அந்த முறை முதல் அறுவையைத்தான் ஊக்குவிக்கிறது. எட்டு வருடம் கழித்துக் குழந்தையைத் தேடிப் பிடிப்பதற்கும், தொலைபேசியில் கூப்பிடுவதற்கும், எக்ஸ்ரே எடுப்பதற்கும், ஒரு வருடம் விரிப்புக் கம்பி போடுவதற்கும் உங்கள் பட்டியலில் தலைப்பே கிடையாது. எலும்பு ஒட்டுக்குப் பணம் தருகிறீர்கள் என்றால்கூட, அதற்கு முன்னும் பின்னும் நடக்க வேண்டிய பல்சிகிச்சைக்குத் தருவதில்லை. வெளியூரிலிருந்து வந்து முகாம் நடத்தித் திரும்பிவிடும் குழுக்களிடம் கூடுதலாக ஒன்று கேட்கிறேன். நீங்கள் எட்டு வருடம் காத்திருக்க முடியாது, சரி. ஆனால் நீங்கள் போன பிறகும் அங்கேயே இருக்கப்போகிற ஒரு மருத்துவரின் கையில் அத்தனை குழந்தைகளின் பட்டியலையும், பிளவு எந்தப் பக்கம், ஈறு பிளந்ததா இல்லையா என்ற குறிப்போடு கொடுத்துவிட்டுப் போகலாம். அந்த மருத்துவர் யார் என்று தெரியாத இடத்தில் முகாம் போடுவதையே நான் ஏற்க மாட்டேன். இது கடுமையாகத் தெரியலாம், ஆனாலும் என் கருத்து அதுதான்.

இத்தனையும் உடனே நடக்காது என்பது தெரியும். மையங்களை ஒன்றுசேர்க்க வருடங்கள் ஆகும், பணப் பட்டியலை மாற்றவும் கூட்டம் மேல் கூட்டம் போட வேண்டியிருக்கும். ஆனால் ஒரு வேலையை அடுத்த வாரமே தொடங்கலாம், அதற்குச் செலவு ஒரு காகிதம். ஈறும் பிளந்த குழந்தையை உதடு தைத்து வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் சீட்டில், தாய்க்குப் புரியும் மொழியில், இப்படி எழுதுங்கள்: "உங்கள் குழந்தையின் ஈறு எலும்பிலும் பிளவு இருக்கிறது. அதை இப்போது மூடக் கூடாது. குழந்தைக்கு 7 வயது ஆகும்போது பல் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். 8 முதல் 11 வயதுக்குள், கோரைப்பல் முளைப்பதற்கு முன், எலும்பு வைக்கும் அறுவை தேவைப்படும். இந்தச் சீட்டைப் பல் மருத்துவரிடம் காட்டுங்கள்." 7 வயது எந்த வருடம் எந்த மாதத்தில் வருகிறது என்று கணக்கிட்டு அதையும் அங்கேயே எழுதிவிடுங்கள். அண்ணம் மூடும்போது அதையே மறுபடி எழுதுங்கள். உங்கள் பதிவேட்டில் அந்த மாதத்துக்கு நேராகக் குழந்தையின் பெயரையும் எழுதி வையுங்கள், கூப்பிட வேண்டிய ஆள் யார் என்பதையும்.

ஏற்கெனவே தைத்து அனுப்பிவிட்ட குழந்தைகள் இருக்கிறார்கள். உங்கள் பழைய பதிவேடுகளில் இன்று 6 முதல் 11 வயதுக்குள் இருப்பவர்களை எடுத்துப் பாருங்கள். அவர்களில் கோரைப்பல் இன்னும் உள்ளேயே இருக்கும் பிள்ளைகளுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. முதலில் 10, 11 வயதுக்காரர்களைக் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பல்சீரமைப்பு மருத்துவர்